குங்குமம் வைத்த கண்டென்சர்

உங்களை எப்போதாவது நாய் கடித்திருக்கிறதா?

கடித்திருந்தால், அந்த நாய் அப்புறம் என்ன ஆனது என்று பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் பக்கத்தில் யாரும் பார்ப்பதில்லை. முதலில் நாயை அடித்துக் கொல்வார்கள். கடிபட்டவன் பக்கம் அதற்குப் பிறகுதான் திரும்புவார்கள்.

என் அண்ணன் தங்கராசுவைக் கடித்த நாயையும் அப்படித்தான் செய்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பெட்ரோலுக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்கு க்யூ.

போன வாரம் திருச்சி ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். படித்த பெண் இப்படிக் கிண்டல் பண்ணி எழுதலாமா என்று கேட்கிறார். இந்த வாரம் கிண்டல் குறைவு, ஐயா. ஒரு சாவு வருகிறது.

வண்டிக்கு அடியில்

நான் காலேஜில் இண்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். ஊர் என்றால் குன்னம். அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு வாடகைக் கார் இருந்தது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டியவர்கள் அரியலூர் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். அந்தச் சவாரிதான் எங்கள் வீட்டுச் சோறு.

அன்றைக்குப் பெரம்பலூரில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தது இரண்டு காலும் ஒரு கையும்தான். கை மண்ணில் ஸ்பேனரைத் தடவிக்கொண்டிருந்தது. நான் பின் ஸீட்டில் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏய் சரோசா, ஸ்பேனரைக் குடுன்னா கையைக் கிள்றியா, சனியனே" என்று அடியிலிருந்து சத்தம் வந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிற நாய் ஒன்று. வாயில் எச்சில் கயிறு மாதிரி தொங்கியது. அண்ணன் மணிக்கட்டை விட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், யாரோ கூப்பிட்டது போல நேராக நடந்து போனது.

டீக்கடையில் இருந்தவர்கள் விறகுக் கட்டையோடு ஓடினார்கள். ஏரிக்கரையில் வைத்து முடித்துவிட்டார்கள். திரும்பி வந்து அண்ணனிடம், "முடிச்சாச்சு மொதலாளி, பயப்படாதீங்க" என்றார்கள். அண்ணன் அவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான்.

எங்களுக்குப் பக்கத்தில் வெறிநாய்க்கடிக்கு ஊசி போடுகிற இடம் அரியலூர்தான். ஆஸ்பத்திரி டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "நாய் எங்க?"

"அடிச்சுப் போட்டுட்டாங்க சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கட்டிப் போட்டுப் பத்து நாள் பாத்திருக்கணும். அது உசுரோட இருந்தா உங்களுக்கு ஒண்ணுமில்ல. இப்ப நான் எதை வச்சுச் சொல்றது? ரெண்டு வாரம் தினம் வரணும். வயித்துல போடுவோம். ஒரு நாள் விடக்கூடாது. உடம்பை அலட்டிக்கக்கூடாது."

"கார் ஓட்டலாங்களா சார்?"

"ஓட்டுங்க. வண்டியைக் கிளப்ப ஹேண்டில் சுத்தாதீங்க."

"ஹேண்டில் சுத்தாம எப்படி சார் ஓட்டறது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "அது யாரு?"

"தங்கச்சிங்க. இண்டர் படிச்சிருக்கு."

"அப்ப அது சுத்தட்டும்."

அப்படித்தான் நான் மோட்டார் தொழிலுக்கு வந்தேன்.

மாமனார் வீட்டுச் சோறு

நீங்கள் கேட்பீர்கள்: இரண்டு வாரம் அரியலூரிலேயே தங்கிவிட்டால் என்ன? அதையேதான் அம்மாவும் கேட்டாள். அண்ணியும் கேட்டாள். அண்ணி அஞ்சலை பிறந்த வீடே அரியலூர்தான், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரம்.

"எங்க அப்பா வூட்டு மெத்தையில படுத்துக்கிட்டு ஊசி போட்டுக்கிட்டு வாங்களேன்" என்றாள் அண்ணி.

"மாமனார் வூட்ல ரெண்டு வாரம் உக்காந்து திங்கறதுக்கு, அந்த நாய் என்னைக் கழுத்துலயே கடிச்சிருக்கலாம்" என்றான் அண்ணன்.

அவனிடம் இன்னொரு நியாயமும் இருந்தது. இரண்டு வாரம் வண்டி ஓடாவிட்டால் பெரம்பலூர்ச் சவாரியை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். தினமும் அரியலூர் போகத்தான் வேண்டும், போகும்போது நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனால் ஊசியும் ஆச்சு, பிழைப்பும் ஆச்சு. பஸ் ஒன்று இருந்தது, கரி பஸ். பின்னால் அடுப்பு வைத்துக் கரியைப் புகைய விட்டு ஓட்டுவது. எப்போது கிளம்பும், எங்கே மூச்சு வாங்கும் என்று அதன் டிரைவர் மாணிக்கத்துக்கே தெரியாது.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கா வண்டி, நாலு சிலிண்டர். ஒரு மிராசுதார் ஓட்டி அலுத்துப் போட்டது. அப்பா செத்த வருஷம், பருத்தி போடுகிற கரிசல் துண்டு ஒன்றை விற்று அண்ணன் அதை வாங்கினான். அம்மா மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவளைச் சமயபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது அம்மா முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள். கிளீனராக ஒருவன் இருந்தான். அவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். ஆகவே ஹேண்டில் என் கைக்கு வந்தது.

ஹேண்டில் சுற்றுவதில் ஒரே பாடம்தான். கட்டை விரலை மடக்கிப் பிடிக்கக்கூடாது. இஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் போய்விடும். முதல் வாரத்திலேயே உள்ளங்கைத் தோல் உரிந்து, சோற்றில் குழம்பு ஊற்றினால் எரிந்தது.

நின்றது

முதல் சில நாள் ஒழுங்காகப் போனோம். பிறகு ஒரு காலை, மருதையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி இருமியது. இரண்டு தடவை குலுக்கியது. நின்றுவிட்டது.

நான் சுற்றினேன். சுற்றிக்கொண்டே இருந்தேன். சவாரி வந்த வெங்காய வியாபாரிகள் இறங்கி ரோட்டோரம் குந்திக்கொண்டார்கள்.

அண்ணன் ஒரு பிளக் வயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தான். "சுத்து."

சுற்றினேன். வயர் நுனியில் பொறி வந்தது. மஞ்சளாக, சோகை பிடித்த பொறி.

"பெட்ரோல்ல கோளாறு இல்ல, கரண்டுலதான்" என்றான். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, வேலமர நிழலில் காத்திருந்தோம். இஞ்சின் ஆறியதும் ஒரே சுற்றில் கிளம்பியது. பொறி நீலமாக, சடக் சடக்கென்று வந்தது.

அடுத்த நாளும் அதே இடம். அதற்கடுத்த நாள் கொஞ்சம் முன்னாலேயே. சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். ஊசியை வெந்நீரில் போட்டுக்கொண்டே, "வாங்க கார் மொதலாளி. இன்னிக்கு வண்டி உங்களைக் கொண்டாந்துச்சா, நீங்க வண்டியைக் கொண்டாந்தீங்களா?" என்பார். அண்ணன் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுப்பான். வயிறு முழுக்க அடை மாதிரி வீங்கிச் சிவந்திருக்கும். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "பாயின்ட்டா இருக்கும்" என்பான்.

மலிவிலிருந்து ஆரம்பம்

கோளாறு கண்டுபிடிக்க அண்ணனிடம் ஒரே முறைதான். சந்தேகப்படுகிற சாமான்களில் எது மலிவோ அதை முதலில் மாற்று. வண்டி ஓடினால் அதுதான். ஓடாவிட்டால் அடுத்த மலிவு. தினமும் ஒரு தடவை போய் வருகிறோமே, தினம் ஒன்றை மாற்றிப் பார்த்துவிடலாம் என்றான். மோசமான முறை என்று சொல்ல மாட்டேன். எங்கள் பிஸிக்ஸ் லெக்சரர்கூட இப்படித்தான் சோதனை செய்யச் சொல்வார்.

புது சாமான் எங்கே கிடைக்கும்? யுத்த காலம். அரியலூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ராவுத்தர் கடை இருந்தது. உடைந்த வண்டிகளிலிருந்து கழற்றியதை பிஸ்கட் டின்களில் போட்டு வைத்திருப்பார்.

"இது ஓடுங்களா ராவுத்தரே?" என்று அண்ணன் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்ப்பான்.

"ஓடும் தம்பி, இன்ஷா அல்லா. வண்டிதான் மவுத்து. சாமான் உசுரோட இருக்கு" என்பார் ராவுத்தர். பிறகு என்னைப் பார்த்து, "கையைக் காட்டு தாயி. இந்தப் பிள்ளைய காலேசுல படிக்க வச்சு இதுக்காய்யா கொண்டாந்தே?" என்று தேங்காயெண்ணெய் எடுத்துக் கொடுப்பார்.

எங்கள் ரோட்டில் வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் ஒரு கருப்பு சாமி. நட்டு வைத்த வேல்கள்தான் சாமி. புதிதாக மாட்டப்போகிற சாமானை அங்கே காட்டிக் குங்குமம் வைத்துத்தான் மாட்டுவார்கள். கழற்றிய சாமானை வேலுக்கடியில் போட்டுவிடுவார்கள். போட்டது போட்டதுதான். திரும்ப எடுக்கக்கூடாது. அங்கே செத்த பிளக்கும் முறிந்த ஸ்பிரிங்குமாக ஒரு சின்ன மலையே கிடந்தது.

முதலில் பாயின்ட் மாற்றினோம். அதுதான் பொறிக்குக் கரண்டை வெட்டி வெட்டி விடுகிற சின்ன வாய். குங்குமம் வைத்தோம். வண்டி நின்றது. பிளக் மாற்றினோம். நின்றது.

அப்புறம் கண்டென்சர். விரல் தண்டி தகரக் குப்பி. உள்ளே ஈயத் தகடும் காகிதமும் சுருட்டி வைத்திருக்கும். அது ஒழுங்காக இருந்தால்தான் பொறிக்கு வேகம் வரும், பாயின்ட் கருகாமல் இருக்கும். ராவுத்தர் டின்னிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். குங்குமம், கற்பூரம், எல்லாம் ஆயிற்று. பழையது வேலுக்கடியில் போனது.

வண்டி நின்றது.

"சரி, கண்டென்சர் இல்ல" என்றான் அண்ணன்.

அத்தோடு கண்டென்சரின் கேஸ் முடிந்தது.

காலேஜ் பாட்டிலும் ஊர்ச் சாமியும்

காலேஜில் எங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுவார்கள். ஈயத் தகடு சுற்றிய கண்ணாடி பாட்டிலில் மின்சாரத்தை ஏற்றி வைத்துவிட்டு, பெண்கள் எல்லோரையும் கை கோத்து வட்டமாக நிற்கச் சொல்வார்கள். கடைசிப் பெண் பாட்டிலைத் தொட்டதும் வட்டம் முழுக்கத் துள்ளும். எனக்கு அடுத்து நின்றவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் கிள்ளினேன் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் மட்டும் யாரும் துள்ளவில்லை. பாட்டிலில் மெல்லிய கீறல். பார்த்தால் தெரியாது. ஏற்றிய மின்சாரமெல்லாம் கசிந்துவிட்டது. கண்டென்சர் என்பதும் அந்த பாட்டிலின் தம்பிதான்.

வண்டி ரோட்டில் நின்ற ஒரு நாள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். மாற்றி ஒரு வாரம்கூட ஆகாத பாயின்ட், பொங்கல் பானை அடி மாதிரி கருகிக் கிடந்தது.

"அண்ணே, இந்தக் கண்டென்சரும் கெட்டதா இருந்தா?"

"அதான் மாத்தியாச்சே."

"மாத்துனது எங்கேருந்து வந்துச்சு? ஏதோ ஒரு செத்த வண்டியிலேருந்து. அந்த வண்டியே இதால நின்னிருக்கலாமில்ல? இன்னொண்ணு போட்டுப் பாப்போம்."

"குங்குமம் வச்சு மாட்டுனதைக் கெட்டதுங்கிறியே. கருப்பு பொய் சொல்லுதுங்கிறியா?"

"கருப்பு ஒண்ணும் சொல்லல. ராவுத்தர்தான் சொன்னாரு."

"சரோசா, நீ படிச்சது பாட்டில். இது வண்டி."

அவனை முட்டாள் என்று நினைக்காதீர்கள். அந்த ரோட்டில் வண்டி ஓட்டிய எல்லோரும் அப்படித்தான். மாற்றிய சாமானைத் திரும்பச் சந்தேகப்பட்டவன் ஒருவன்கூட இல்லை. சந்தேகம் அடுத்த சாமானுக்குப் போய்விடும். ரோட்டர் மாற்றினான். மூடி மாற்றினான். வயர் மாற்றினான். மலிவானதெல்லாம் தீர்ந்துபோனது. மிச்சம் காயில் ஒன்றுதான். அதுதான் பாட்டரி கரண்டைப் பெருக்கிக் கொடுப்பது. விலை கூடியது, ராவுத்தரிடம் இல்லை.

"திருச்சிக்குப் போனா கெடைக்கும் தம்பி" என்றார் ராவுத்தர்.

திருச்சி

"ஊசி?" என்று அண்ணி கேட்டாள்.

"திருச்சில ஆஸ்பத்திரி இல்லையா? அங்க போட்டுக்கிறேன்."

"சத்தியமா?"

"ஏன்டி, எனக்கு உசுரு வேண்டாமா?"

காலை ரயிலுக்குப் போனவன் மறுநாள் சாயங்காலம்தான் வந்தான். தோளில் துண்டு. துண்டுக்குள் குழந்தையைச் சுற்றிய மாதிரி காயில். முகமெல்லாம் சிரிப்பு. மலைக்கோட்டைப் பக்கம் தெருத் தெருவாக அலைந்து, பாலக்கரையில் ஒருவனிடம் பிடித்தானாம்.

"ஊசி போட்டுக்கிட்டீங்களா?" அண்ணி கேட்டாள்.

"போறதுக்குள்ள சாத்திட்டாங்க."

"ரெண்டு நாளுமா?"

அவன் காயிலைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணி உள்ளே போய் அடுப்பை ஊதினாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

டாக்டர் சத்தம் போடவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "விட்டதை ஈடு கட்ட முடியாது. இன்னும் சில நாள் சேத்துப் போடறேன்" என்றார். கம்பவுண்டர் அன்றைக்கு ஜோக் அடிக்கவில்லை.

கரி பஸ்

காயிலுக்குக் குங்குமம் வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. பூசணிக்காய் உடைத்தோம். ஆற்றைத் தாண்டியதும் வண்டி இருமியது.

அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தான்.

அப்போது பின்னால் கரி பஸ் வந்து நின்றது. எங்களுக்காக நிற்கவில்லை, அடுப்பைக் கிளற நின்றது. டிரைவர் மாணிக்கம் முகமெல்லாம் கரியோடு இறங்கி வந்தார்.

"என்ன தங்கராசு, காயிலும் மாத்தியாச்சா? இனிமே வண்டியைத்தான் மாத்தணும்."

நான் நேராக அவரிடம் போனேன். "அண்ணே, உங்ககிட்ட ஸ்பேர் கண்டென்சர் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"குடுங்க. குங்குமம் வைக்கமாட்டேன்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைத் தூக்கவில்லை. மாணிக்கம் சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் கம்பெனிக்கு மெட்ராஸிலிருந்து வந்த புதுச் சரக்கு. நானே மாட்டினேன். இஞ்சின் அடுப்பு மாதிரி கொதித்தது, விரல் பொசுங்கியது. அந்தச் சூட்டில் அது ஒரு நாளும் கிளம்பியதில்லை. ஆறும்வரை காத்திருப்பதுதான் எங்கள் வழக்கம்.

ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்று. கிளம்பிவிட்டது.

கொதிக்கிற இஞ்சின் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாணிக்கம், "அட, இத்தனூண்டு டப்பா" என்றார்.

அண்ணன் இறங்கி வந்தான். கழற்றிய கண்டென்சரை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். குங்குமம் அழியாமல் இருந்தது. டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுக்கொண்டான். வேலுக்கடியில் போடவில்லை.

ஆற்றைத் தாண்டி

ஊசிகள் முடிந்தன. வண்டி ஓடியது. கை உரிந்ததற்குக் கூலியாக, சமமான ரோட்டில் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தான். குன்னத்தில் வேலைவெட்டி இல்லாதவர்களுக்கெல்லாம் பேச ஒரு விஷயம் கிடைத்தது.

சில மாதம் கழித்துக் கடலை பிடுங்குகிற சமயம், ஆறிப்போன கடித் தழும்பில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றான் அண்ணன். மறுநாள் அண்ணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தம்ளரை வாய்வரை கொண்டுபோனான். கீழே வைத்துவிட்டான்.

"தொண்டையைப் புடிக்குது" என்றான்.

அண்ணி என்னைப் பார்த்தாள். அவனும் என்னைப் பார்த்தான். மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை.

"சரோசா, வண்டியை எடு. படுதாவெல்லாம் இறக்கி வுடு, காத்து பட்டா ஆகல."

பின் ஸீட்டில் அண்ணி மடியில் படுத்துக்கொண்டான். முகத்தை ஈரமில்லாத துண்டால் மூடிக்கொண்டான். ஒரு கீற்றுக் காற்று பட்டாலும் கழுத்து வெட்டி இழுத்தது. நான் ஓட்டினேன். வேகமாகப் போனால் காற்று வருகிறது, மெதுவாகப் போனால் நேரம் ஆகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் பிடித்தேன். கருப்பு சாமி வந்தது, நிறுத்தவில்லை.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆறு தாண்டிட்டோமா?"

"தாண்டிட்டோம்ண்ணே."

கொஞ்ச நேரம் இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"நிக்கல."

"நிக்கலண்ணே."

"கண்டென்சர்தான்."

"ஆமாண்ணே."

அரியலூர் வரை ஒரு தடவைகூட இருமவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனைக் கதவு சாத்திய அறையில் வைத்தார்கள். வராந்தாவில் டாக்டரைப் பிடித்து, "அந்த ரெண்டு நாள் விட்டதாலயா சார்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா. முழுசாப் போட்டுக்கிட்டவங்களுக்கும் சில பேருக்கு வருது. கையில ஆழமான கடி. எதுன்னு யாரும் சொல்ல முடியாது."

அண்ணி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, யாரும் தொடவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டான். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்த வண்டிதான். ஓட்டியது நான்.

அந்த வண்டி இப்போது குன்னத்தில் விலைக்கு நிற்கிறது. இஞ்சினில் ஒரு குறையும் இல்லை.